சுங்கை சிப்புட் வெயிலில் ஆர்க்கிட்: இலை வருகிறது, பூ வரவில்லை

வாசல்பூ (சுங்கை சிப்புட்)

எல்லோருக்கும் வணக்கம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், டவுனைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் வீடமைப்பில் குடியிருக்கிறோம். வீட்டின் முன்னால் கார் நிறுத்தும் கூரைக்கு அடியில் பூச்சட்டிகள் வைத்திருக்கிறேன். காலை வெயில் பத்து மணி வரை நேராக விழும். அதற்குப் பிறகு வெளிச்சம் மட்டும்தான். பின்னால் செம்பனை மரங்கள் நெருக்கமாக நிற்பதால் காற்று குறைவு.

சென்ற தீபாவளிக்கு முன் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போனபோது வெள்ளை ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் ஒன்று வாங்கினேன். பூ வாடாமல் பல வாரம் நின்றது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் காகிதப் பூவா என்று தொட்டுப் பார்த்தார்கள். அந்தப் பூ உதிர்ந்த பிறகு புதிய இலைகள் வந்துவிட்டன, கரும்பச்சையாக, என் உள்ளங்கையைவிட அகலமாக. ஆனால் பூத்தண்டு எட்டிப் பார்க்கவே இல்லை. செடி நோயாளியாகவும் தெரியவில்லை.

இரண்டாவது, இரவுச் சந்தையில் வாங்கிய ஊதா டென்ட்ரோபியம் ஆர்க்கிட். அது தேங்காய் மட்டைத் துண்டுகளில் நட்டு வந்தது. இப்போது தண்டுகள் சுருங்கி வரி வரியாக இருக்கின்றன. தண்டின் நுனியில் இரண்டு குட்டிச் செடிகள் முளைத்து, காற்றில் வேர் விட்டிருக்கின்றன. இது நல்லதா கெட்டதா?

தினமும் வேலை முடிந்து வந்து, மாலையில் விளக்கேற்றுவதற்கு முன் எல்லாச் சட்டிகளுக்கும் தண்ணீர் ஊற்றுகிறேன். மாமியார் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். கூட வேலை செய்யும் ஒருவர், வாரம் ஒரு தடவை ஐஸ் கட்டி வைத்தால் குளிர்நாடு என்று நினைத்துச் செடி பூக்கும் என்கிறார். எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

எங்கள் தெருமுனையில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருக்கிறது. அதன் கிளையெல்லாம் ஏதோ ஒரு காட்டு ஆர்க்கிட் படர்ந்திருக்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் போடுவதில்லை. திடீரென்று ஒருநாள் காலையில் மரமே வெள்ளையாகப் பூத்து, தெருவெல்லாம் மணக்கிறது. அது பூக்கும்போது இது ஏன் பூக்கவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மலைவாசி (ரிங்லெட்)

அக்கா, உங்கள் ஃபெலனாப்சிஸுக்கு ஒரு குறையும் இல்லை. ஊர்தான் மாறிவிட்டது. இங்கே கேமரன் மலையில் இரவில் போர்வை இல்லாமல் படுக்க முடியாது. 20 பாகைக்குக் கீழே இறங்கிவிடும். அந்தக் குளிர்தான் பூத்தண்டைக் கிளப்புகிறது. அங்கே கீழே இலை மட்டும் வரும். நாங்கள் வைத்திருக்கும் செடிகளில் ஒரு பூத்தண்டு காய்ந்தால், ஆண்டுக் கடைசியில் அடுத்தது வந்துவிடுகிறது. தனியாக ஒன்றும் செய்வதில்லை.

சொந்தக்காரர் யாராவது மலையில் இருந்தால் சில வாரம் அவர்கள் வீட்டில் விட்டு வையுங்கள். மற்றதை இங்கே அனுபவம் உள்ள பெரியவர்கள் சொல்வார்கள்.


நர்சரி மண்டோர் (சுங்கை சிப்புட்)

வணக்கம் அம்மா. நம்ம ஊர் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். ஓய்வு பெறும் வரை தோட்டத்து நர்சரியில் செம்பனைக் கன்றுகளோடு இருந்தவன் நான். ஆர்க்கிட் வளர்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நர்சரியில் கற்றதில் பாதி இதற்கு உதவியது. மறு பாதியை விட்டுவிட வேண்டியிருந்தது. விட வேண்டியதிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் செடிகளுக்கும் அதுதான் முக்கியம்.

செம்பனைக் கன்று பையில், மண்ணில் நிற்கிறது. அதன் வேருக்கு ஈரம் ஓயாமல் வேண்டும். ஒருநாள் தண்ணீர் விட்டுப்போனாலும் நுனி காய்ந்துவிடும். ஃபெலனாப்சிஸும் டென்ட்ரோபியமும் மண்ணையே பார்க்காத செடிகள். மரக்கிளையில் வேரை ஒட்டிக்கொண்டு வாழ்பவை. மழை வந்து நனைக்கும், அடுத்த சில மணி நேரத்தில் காற்று வந்து உலர்த்திவிடும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால்தான் அந்த வேர் உயிரோடு இருக்கும். வேரின் மேல் பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கிறது. தண்ணீர் பட்ட நொடியில் உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்ததும் அதில் காற்று நிறைந்துவிடும். அந்த உறை நாள் முழுக்க ஊறிக் கிடந்தால் உள்ளே இருக்கும் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும்.

அதனால் இலையைப் பார்த்துச் செடியின் நலத்தைக் கணக்கிடாதீர்கள். இலை மிகவும் தாமதமாகத்தான் செய்தி சொல்லும். வேரைப் பாருங்கள். ஃபெலனாப்சிஸ் பெரும்பாலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சட்டியில்தான் வரும். அப்படி வந்திருந்தால் உங்களுக்கு வேலை சுலபம். சட்டியைத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். வேர் வெள்ளி நிறத்தில் இருந்தால் தாகம். பச்சையாக இருந்தால் ஈரம் போதும், அன்று தண்ணீர் வேண்டாம். பழுப்பாக இருந்தால் விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக எதிர்த்து நிற்கும். அழுகியது தட்டையாகப் போகும். இழுத்தால் மேலுறை சட்டை கழன்ற மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து, உள்ளே குதிரைமயிர் கனத்தில் நரம்பு ஒன்று மட்டும் நிற்கும். நுனியில் பளபளவென்று பச்சையோ இளஞ்சிவப்போ தெரிந்தால் வேர் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நுனி தெரியும் காலம்தான் சட்டி மாற்ற ஏற்ற காலம்.

மலையிலிருந்து வரும் செடிகள் பலவற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு. சட்டியின் நடுவில், தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஸ்பேக்னம் பாசியை இறுக்கமாக உருட்டி வைத்திருப்பார்கள். குளிர்ந்த ஊரில் அது தாங்கும். நம் ஊரில் மேல்பாசி காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும்போதே நடுவுருண்டை சொதசொதவென்று கிடக்கும். மேலே தொட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் உள்வேர் போய்விடும். அதனால் செடியை வெளியே எடுத்து அந்தப் பாசியை முழுவதுமாகப் பிரித்துவிடுங்கள். பக்கத்தில் துளை உள்ள மண்சட்டியில் அடுப்புக்கரித் துண்டும் உடைந்த செங்கல்லும் போட்டு நடுங்கள். கரியைக் கட்டைவிரல் பருமனுக்கு உடைத்து, ஓர் இரவு ஊற வைத்து, தூள் போகக் கழுவ வேண்டும். நம் காற்றின் ஈரப்பதத்துக்கு இது போதும். தேங்காய் மட்டை மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் நிழலில் இருக்கும் சட்டிக்கு நான் போட மாட்டேன். மக்கிச் சேறாகி, ஓடில்லாத நத்தை குடியேற இடம் கொடுத்துவிடும். நத்தை முதலில் தின்பது புதிய வேர்நுனியைத்தான்.

தண்ணீர் ஊற்றும் நேரத்தை மாலையிலிருந்து காலைக்கு மாற்றுங்கள், இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். உங்கள் வீட்டில் காற்று குறைவு என்கிறீர்கள். மாலையில் ஊற்றும் தண்ணீர் ஃபெலனாப்சிஸின் நடுக்குருத்தில் தேங்கினால் இரவு முழுக்க அங்கேயே நிற்கும். குருத்து அழுகினால் அந்தச் செடிக்கு வேறு வளர்முனை கிடையாது. வேலைக்குப் போகும் முன் ஊற்றுங்கள். குருத்தில் தண்ணீர் நின்றால் காகிதத்தைத் திரித்து ஒற்றி எடுங்கள். தினமும் ஊற்றுவது என்ற பழக்கம் வேண்டாம். கரியில் நட்ட பிறகு வெயில் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் தேவைப்படலாம், அடைமழைக் காலத்தில் நாலைந்து நாள் விட்டுவிடலாம். வேரின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அடித்தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். செடிக்கும் கேடு, ஏடிஸ் கொசுவும் முட்டையிடும்.

பூக்காததற்குக் காரணம் மலைவாசி தம்பி சொன்னதுதான். கொஞ்சம் விளக்குகிறேன். பகலில் 28 பாகைக்கு மேல் வெப்பம் இருந்தால் இந்தக் கலப்பு ஃபெலனாப்சிஸ்கள் இலைதான் விடும். வணிகமாக வளர்ப்பவர்கள் செடி பெரிதாகும் வரை அந்த வெப்பத்திலேயே வைத்திருந்து, பூக்க வைப்பதற்காகச் சில வாரம் பகலில் 25, இரவில் 20 பாகை அளவுக்குக் குளிர வைப்பார்கள். சுங்கை சிப்புட்டில் பகலில் 32, 33 சர்வ சாதாரணம். ஆண்டுக் கடைசி மழையில் பகலும் தொடர்ந்து குளிர்ந்து கிடந்தால் சில செடிகள் தண்டு விடுவதுண்டு. நம்பிக்கையோடு காத்திருக்கலாம், ஆனால் அது செடியின் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை.

ஐஸ் கட்டி வைப்பது குளிர்நாட்டு வீடுகளில் தண்ணீரை அளந்து கொடுக்கும் ஒரு வழி. அதனால் பூ வராது. பூக்க வைக்கும் குளிர் காற்றில் இருக்க வேண்டும், வாரக்கணக்கில் நீடிக்க வேண்டும். அரிசி கழுவிய தண்ணீரில் மாவு இருக்கிறது. அது கரியிடுக்கில் தங்கிப் புளித்து, எறும்பையும் சிறு ஈக்களையும் கூப்பிடும். மாமியாரின் நல்ல மனதை மதித்து அதைக் கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் ஊற்றுங்கள். மண்ணில் நிற்பவை தாங்கிக்கொள்ளும். ஆர்க்கிட்டுக்கு, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 20-20-20 உரத்தை, பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கு கரைத்து, வாரம் ஒரு முறை தெளித்தால் போதும். மாதம் ஒரு தடவை வெறும் தண்ணீரால் நன்றாக அலசிவிடுங்கள், கரி உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். நம் ஊருக்கு என்று செடி இருக்கிறது அம்மா. அதை வாங்குங்கள். ஃபெலனாப்சிஸ்தான் வேண்டும் என்றால் வயோலேசியா என்று கேளுங்கள். நம் தீபகற்பத்துத் தாழ்நிலக் காட்டிலேயே வளர்வது அது. பெல்லினா என்று அதற்கு நெருங்கிய ஒன்று போர்னியோவில் இருக்கிறது. இரண்டும் நம் சூட்டிலேயே பூக்கும், மணக்கும். மலைச்செடி மாதிரி கொத்தாகப் பூக்காது. ஒன்று இரண்டாக, ஒன்றன் பின் ஒன்றாக, அதே தண்டில் மாதக்கணக்கில் வரும். அதனால் பூ உதிர்ந்ததும் தண்டை வெட்டிவிடாதீர்கள்.

முழு வெயில் விழும் வேலியோரம் இருந்தால் வாண்டா என்ற ஆர்க்கிட் வையுங்கள். சிங்கப்பூர் 1981இல் தேசிய மலராக அறிவித்த வாண்டா மிஸ் ஜோக்கிமின் பெற்றோரில் ஒன்று நம் பேராக்காரச் செடிதான் என்பது பலருக்குத் தெரியாது. ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கின் சதுப்பிலும் நீர்நிலைகளிலும் மண்டிக் கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அந்தப் பெற்றோர்ச் செடியைக் கிந்தாக் களை என்றே அழைத்தார்கள். நம் வெயிலையும் மழையையும் குடித்து வளர்ந்த இனம். அப்படிப்பட்டதை விட்டுவிட்டு, குளிர் தேடும் செடியை மட்டும் வைத்துக்கொண்டு ஏங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மலைச்செடியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதோடு சேர்த்து நம் நிலத்துச் செடி ஒன்றும் உங்கள் வாசலில் இருக்கட்டும்.

டென்ட்ரோபியம் பற்றி: தண்டு சுருங்கியதற்கும் குட்டி வந்ததற்கும் பெரும்பாலும் ஒரே காரணம், அடிவேர் போயிருக்கும். கீழே பிழைக்க வழி இல்லாதபோது செடி நுனியில் பிள்ளை விடும். குட்டியின் வேர் விரல் நீளம் வளரட்டும். பிறகு தண்டோடு சேர்த்து வெட்டிச் சின்னச் சட்டியில் கரியில் வையுங்கள். சட்டி பெரிதாக வேண்டாம், நெருக்கமாக இருந்தால்தான் சீக்கிரம் காயும். தாய்ச்செடியையும் மட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். காலை வெயில் பத்து மணி வரை என்பது ஃபெலனாப்சிஸுக்கு அதிகம், டென்ட்ரோபியத்துக்குக் குறைவு. இரண்டின் இடத்தையும் மாற்றுங்கள்.

தூங்குமூஞ்சி மரத்துப் பூவைப் பற்றிக் கேட்டீர்களே, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. அதுவும் ஒரு டென்ட்ரோபியம்தான், புறா ஆர்க்கிட் என்பார்கள். வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும் நாளில் திடீரென்று பெருமழை கொட்டி வெப்பம் சட்டென்று இறங்க வேண்டும். அந்த அதிர்ச்சியில்தான் உறங்கிக் கிடந்த மொட்டு விழிக்கும். அன்றிலிருந்து ஏறக்குறைய ஒன்பதாம் நாள், அந்த வட்டாரத்தில் உள்ள எல்லாச் செடியும் ஒரே காலையில் பூக்கும். பூ ஒருநாள்தான்; மாலையில் வாடிவிடும். அடுத்த பெருமழை பெய்யும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளையும் எண்ணச் சொல்லுங்கள். மரத்திலிருந்து பிய்க்க வேண்டாம். புயல் மழையில் கிளை முறிந்து விழும்போதோ, நகராண்மைக் கழகத்தார் கிளை வெட்டும்போதோ தரையில் கிடைக்கும். அதைக் கட்டையில் கட்டித் தொங்கவிட்டால் போதும்.


பூமாலை (பீடோர்)

மண்டோர் ஐயா சொன்னதில் ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன். தேங்காய் மட்டை எல்லா இடத்திலும் கெடுதல் இல்லை. நான் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மாலை கட்டுகிறேன். இப்போது எல்லோரும் ஊதாவும் வெள்ளையும் கலந்த டென்ட்ரோபியத்தை மாலையில் கேட்கிறார்கள். கடையில் வாங்கிக் கட்டினால் கட்டுப்படியாகவில்லை என்பதால் வீட்டுப் பின்புறத்தில் வரிசையாக வளர்க்கிறேன். அங்கே பக்கத்தில் மரமே இல்லை. பகல் முழுக்க வெயில், நிழல் வலை மட்டும்தான். வெறும் கரியில் வைத்தால் மதியத்துக்குள் வேர் காய்ந்து முறிந்துவிடுகிறது. அதனால் கரியோடு மட்டைத் துண்டு சேர்த்துத்தான் நடுகிறேன். மட்டையை முதலில் பல நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, காவி நிறச் சாறு வடிவது நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும். அந்தச் சாறு வேரைச் சுடும்.

வாசல்பூ, ஒன்று சொல்கிறேன். இலை இல்லாத பழைய தண்டைக் காய்ந்த குச்சி என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். சுருங்கியிருந்தாலும் பச்சையாக இருக்கும் வரை அதுதான் புதிய தண்டுக்குச் சோறு போடுகிறது. அதிலிருந்தே மறுபடி பூக்கவும் செய்யும். மஞ்சளாகி, உள்ளே பொக்கையானால் மட்டும் எடுங்கள்.

இன்னொன்று, பூக்க ஆரம்பித்ததும் மஞ்சள் வண்டு வரும். ஆரஞ்சு கலந்த மஞ்சள், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. மொட்டையும் இதழையும் ஓட்டை ஓட்டையாகத் தின்றுவிடும். அதன் புழுவை நீங்கள் பார்த்தால் புழு என்றே தெரியாது, தன் கழிவையே மேலே பூசிக்கொண்டு ஈரச் சளி மாதிரி ஒட்டியிருக்கும். காலையில் வெயில் ஏறும் முன் வண்டு மந்தமாக இருக்கும்போது பிடியுங்கள். கையை மேலிருந்து கொண்டுபோனால் தொப்பென்று கீழே விழுந்து மறைந்துவிடும். கீழே ஒரு கையை ஏந்தி, மேலிருந்து மறு கையால் தட்டுங்கள், உள்ளங்கையில் வந்து விழும். சாமிக்குச் சாத்தும் பூவில் மருந்து அடிக்க எனக்கு மனம் வருவதில்லை. ஒவ்வொரு நாளும் கையால்தான் பிடிக்கிறேன்.


நர்சரி மண்டோர் (சுங்கை சிப்புட்)

நன்றாகச் சொன்னீர்கள் அம்மா. உங்கள் இடம் திறந்த வெயில், அங்கே மட்டை வேண்டும்தான். வாசல்பூ வீட்டில் கூரையும் இருக்கிறது, காற்றும் இல்லை, அங்கே கரி மட்டும். மட்டையை ஊறப்போடும் விஷயத்தை நான் எழுதியிருக்க வேண்டியதை நீங்களே எழுதிவிட்டீர்கள், நன்றி.


வாசல்பூ (சுங்கை சிப்புட்)

ஐயாவுக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை, ஃபெலனாப்சிஸை வெளியே எடுத்தேன். ஐயா சொன்ன மாதிரியே நடுவில் பாசி உருண்டை, பிழிந்தால் தண்ணீர் வடிகிறது. உள்வேர்களில் பாதிக்கு மேல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சட்டியின் ஓரமாக ஓடிய வேர்களும், வெளியே தொங்கிய வேர்களும் கெட்டியாக இருக்கின்றன. இரண்டில் பச்சை நுனி தெரிகிறது. கெட்டதை வெட்டிவிட்டேன்.

ஆனால் இலையைத் துடைக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். மேல் இலையில், வெயில் படும் பக்கம், ஐம்பது காசு அளவில் ஒரு தழும்பு. நடுவில் வெளுத்து, ஓரம் கருத்திருக்கிறது. இது அழுகலா? இலையை வெட்ட வேண்டுமா? பயமாக இருக்கிறது.

வயோலேசியா எங்கே கேட்டால் கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள்.


நர்சரி மண்டோர் (சுங்கை சிப்புட்)

பதறாதீர்கள். கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் தழும்பைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்து காகிதம் மாதிரி இருந்தால் வெயில் சுட்டது. அது இலையில் வடுவாக நிற்கும், பரவாது. வெட்டத் தேவையில்லை, மீதி இலை செடிக்கு உழைத்துக்கொண்டுதான் இருக்கும். தொட்டால் நீர்கோத்த கொப்புளம் மாதிரி அமுங்கி, மூக்கில் கெட்ட வாடை அடித்தால் அது பாக்டீரியா அழுகல். அது வேறு கதை. ஓரிரு நாளில் இலை முழுவதும் பரவிக் குருத்தில் இறங்கிவிடும்.

தொட்டும் சந்தேகமாக இருந்தால், தழும்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுங்கள். மறுநாள் காலையில் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் அழுகல். அப்படியானால் பிளேடை அடுப்புத் தீயில் காட்டி ஆற வைத்து, தழும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நல்ல பச்சைப் பகுதியில் வெட்டுங்கள். வெட்டுவாயில் பட்டைத்தூள் வையுங்கள், சமையலுக்குப் பொடிக்கிறோமே அதே பட்டை. வேரில் மட்டும் அதைப் போட்டுவிடாதீர்கள், ஈரத்தை இழுத்து நல்ல வேரையும் காய வைத்துவிடும். செடியை மற்றச் சட்டிகளிலிருந்து தள்ளி வைத்து, சில நாள் இலையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளேடைத் தீயில் காட்டுவதை ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஆர்க்கிட்டுக்கு வைரஸ் நோய்கள் உண்டு, வெட்டுக்கத்தியில் ஒட்டிய சாற்றின் வழியாகவே ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். அதற்கு மருந்தே கிடையாது. பூமாலை அம்மா மாதிரி வரிசையாக வளர்த்துப் பூ அறுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

நேற்று வேரை வெட்டியதால் இரண்டு மூன்று நாளைக்குத் தண்ணீர் வேண்டாம், வெட்டுவாய் காயட்டும். வேர் குறைந்துவிட்டது, அதனால் இலை கொஞ்சம் தொய்யும். அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீரை அதிகமாக்காதீர்கள். நிழலில் வைத்து, காலையில் செடியைச் சுற்றித் தரையை நனைத்துவிடுங்கள். உரமும் இப்போது வேண்டாம். அந்த இரண்டு பச்சை நுனியும் கரிக்குள் இறங்கிப் பிடித்த பிறகு ஆரம்பிக்கலாம்.

வயோலேசியா சாதாரணப் பூச்செடிக் கடையில் எப்போதும் இருக்காது. ஆர்க்கிட் மட்டும் வளர்த்து விற்பவர்களிடம் கேளுங்கள். வாங்கும்போது சோதனைக்கூடக் குடுவையில் விதைத்து வளர்த்த கன்றா என்று கேட்டு வாங்குங்கள். இலை கிழிந்து, வேரில் மரப்பட்டை ஒட்டிக்கொண்டு, ஒரே கட்டாகக் கிடக்கும் செடிகள் காட்டிலிருந்து உரித்தவையாக இருக்கும். விலை குறைவாகச் சொன்னாலும் தொடாதீர்கள். காட்டில் அது அருகிக்கொண்டே வருகிறது, உரித்து வந்தவை வீட்டில் பிழைப்பதும் அரிது. குடுவைக் கன்று சிறியதாக இருந்தால் பூக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும். பொறுமை இல்லை என்றால் ஏற்கெனவே ஒருமுறை பூத்த செடியாகக் கேளுங்கள், பழைய தண்டின் அடி அதில் தெரியும்.


வாசல்பூ (சுங்கை சிப்புட்)

தழும்பு காய்ந்துதான் இருக்கிறது ஐயா, கோட்டையும் தாண்டவில்லை. இலையை வெட்டவில்லை. ஃபெலனாப்சிஸை உள்பக்கச் சுவரோரம் தள்ளி, அதன் இடத்தில் டென்ட்ரோபியத்தை வைத்துவிட்டேன். குட்டிகளின் வேர் இன்னும் கொஞ்சம் வளர வேண்டும். நேற்று மதியம் மழை கொட்டித் தீர்த்தது, மகள் நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.